நூறு கலம் நெல், ஒரு தட்டடவு

ஒரு பெண்ணின் உடல் ஆடப் பழகுவதற்கு எவ்வளவு நெல் ஆகும்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டைக் கேட்டால் கணக்குச் சொல்லும். முதலாம் இராசராசனின் 29ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நீண்ட கல்வெட்டு அது. சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து கொண்டுவந்து தஞ்சையில் குடிவைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயிலில் ஆடும் பெண்களின், பெயர், வந்த ஊர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை அதில் உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நட்டுவம் செய்வாருக்கு இரண்டு பங்கு. பங்கு பெற்றவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினருக்கு அது போகும். அந்த உறவினருக்குத் தொழில் தெரியாவிட்டால், தெரிந்த ஒருவரை வைத்துச் செய்விக்க வேண்டும்.

அந்தக் கடைசி விதியைக் கவனிக்க வேண்டும். நெல் குடும்பத்துக்குப் போகலாம். ஆனால் ஆடத் தெரிந்த ஓர் உடல் அங்கே இருந்தாக வேண்டும். அப்படி ஓர் உடல் ஒரு பருவத்தில் விளைந்துவிடாது என்பது நெல்லை அளந்து எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள் ஆடியது இன்றைய பரதநாட்டியம்தானா என்ற சர்ச்சை வேறு. அதற்குள் நான் போகவில்லை.

காவிரி கடலோடு கலக்கும் புகாரைப் பற்றிய காப்பியமும் இதே கணக்கை வேறு விதமாகச் சொல்கிறது. சிலப்பதிகாரத்து மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். அவளை உருவாக்க ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை, குழல், யாழ் ஆசிரியர்கள் என்று ஒரு படையே வேண்டியிருக்கிறது. அரங்கேற்றுகாதையைப் படிக்கிறவர்கள் அவள் பெற்ற 1008 கழஞ்சு பொன்னை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். ஏழு ஆண்டை மறந்துவிடுகிறார்கள்.

திரும்பத் திரும்பச் செய்வதால் உடல் எப்படிக் கற்கிறது என்பது ஒரு கேள்வி. அவ்வளவு நாள் செய்வதற்கான பொறுமை எங்கிருந்து வருகிறது என்பது இன்னொன்று. முதல் கேள்வியை உளவியலும் நரம்பியலும் நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்திருக்கின்றன. இரண்டாவதை யாரும் அதிகம் கேட்பதில்லை; பொறுமையை ஆளுக்கு ஆள் மாறும் குணம் என்று சொல்லி விட்டுவிடுகிறோம். தஞ்சை வட்டாரத்தின் ஆட்டம், மிருதங்கம், நாற்று நடவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், அது பெரும்பாலும் ஓர் ஏற்பாடு என்றே தோன்றுகிறது.

முதலில் ஓர் அடவை அருகில் நின்று பார்ப்போம்.

பரதநாட்டியத்தில் முதல் பாடம் தட்டடவு. சொல்: தெய்யா தெய். வலது காலைத் தூக்கித் தட்ட வேண்டும், பிறகு இடது காலை. இவ்வளவுதான். ஐந்து வயதுக் குழந்தை ஐந்து நிமிடத்தில் ‘வந்துவிட்டது’ என்று சொல்லிவிடும். வரவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரியும். ஏனென்றால் அரைமண்டி என்ற நிலையில் உட்கார்ந்தபடி அதைச் செய்ய வேண்டும்: பாதங்கள் இரண்டும் பக்கவாட்டில் திரும்பியிருக்க, முழங்கால்கள் வெளிப்புறமாக மடிந்து விரிந்திருக்க, முதுகு செங்குத்தாக, கைகள் இடுப்பில். அந்த உட்காரல் கலையாமல் குதிகால் பின்பக்கம் தொடையை நோக்கி எழ வேண்டும். பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் விழ வேண்டும். காலைத் தூக்கும்போது இடுப்பு ஏறக்கூடாது, முட்டி முன்னால் வரக்கூடாது, தோள் ஆடக்கூடாது. ‘உட்காரு’, ‘முட்டியைத் திற’, ‘இடுப்பு ஏறுது பார்’, ‘அழுத்தித் தட்டு’. தட்டுக்கழிச் சத்தத்துக்கு நடுவே எந்த வகுப்பிலும் கேட்கும் வார்த்தைகள் இவைதாம். ஒரு குழந்தைக்கு இடுப்பு ஏறுவது நின்றால் முட்டி மூடிக்கொள்ளும். முட்டியைத் திறந்தால் முதுகு சாயும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுகிற இந்தக் காலம் வாரக்கணக்கில் நீளும், மாதக்கணக்கிலும் நீளும்.

அதன்பின் மூன்று காலம். முதல் காலத்தில் மெதுவாக, இரண்டாம் காலத்தில் அதே தாள அளவுக்குள் இரு மடங்கு, மூன்றாம் காலத்தில் நான்கு மடங்கு. வெளியிலிருந்து பார்ப்பவர் மூன்றாம் காலத்தைக் கண்டு வியப்பார். ஆடுகிறவர்களைக் கேளுங்கள், முதல் காலம்தான் ஆளைக் கொல்லும் என்பார்கள். வேகத்தில் ஒரு தட்டின் உந்துதல் அடுத்த தட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை மறைந்துவிடும். முதல் காலத்தில் ஒரு காலில் உடலைத் தாங்கி, அரைமண்டியில் நின்று, மற்றக் காலோடு தாளத்துக்குக் காத்திருக்க வேண்டும். எங்கே வலுவில்லையோ அது அப்பட்டமாகத் தெரியும். மெதுவாகச் செய்ய வைப்பது ஆசிரியரின் பிடிவாதம் என்று நினைக்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்: வேகம் குறைந்தால்தான் பிழை கண்ணில் படும், கண்ணில் பட்டால்தான் திருத்த முடியும்.

இப்படி எளியதிலிருந்து அரியதுக்கு அடவுகளை வரிசைப்படுத்தியவர்கள் என்று மரபு கொண்டாடுவது தஞ்சை நால்வரை: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. இரண்டாம் சரபோஜி காலத்துத் தஞ்சை அவையோடு தொடர்புடைய இந்தச் சகோதரர்கள் முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர்கள். அலாரிப்பிலிருந்து தில்லானா வரையிலான கச்சேரி வரிசையை அமைத்தவர்கள் என்ற பெயர்தான் அவர்களுக்கு மேடையில் கிடைக்கிறது. என் கணக்கில் அவர்களுடைய பெரிய வேலை அடவு வரிசை. கச்சேரி வரிசை ரசிகனுக்கானது. அடவு வரிசை கற்கிற உடலுக்கானது. தட்டடவு நிலைத்த பிறகு கால் நீளும் நாட்டடவு, அதன்பின் குதித்து விழும் அடவு, பிறகு பல அடவுகளைச் சேர்த்துக் கோத்த கோர்வை என்று ஒன்றின்மேல் ஒன்றாக அது ஏறுகிறது. 2010இல் பெரிய கோயிலின் ஆயிரமாண்டு விழாவில் நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் தலைமையில் 1000 பேர் ஒன்றாக ஆடினார்கள். பல ஊர்களிலிருந்து, பல ஆசிரியர்களிடமிருந்து வந்தவர்கள். அவர்கள் ஒன்றாகக் கால் தட்ட முடிந்ததற்குக் காரணம் அந்த விழாவின் ஒத்திகை மட்டும் அல்ல. ஏறத்தாழ 200 ஆண்டாக ஊர் ஊராகப் பரவிய பொது அடவு இலக்கணம் அவர்கள் காலில் ஏற்கெனவே இருந்தது.

அதே கோயிலின் மேல்தளத்தில் 81 கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. நாட்டிய சாத்திரம் சொல்வது 108. மிச்சத்துக்கான கற்கள் செதுக்கப்படாமல் நிற்கின்றன. செதுக்கிய 81ஐ வைத்தும் ஒருவர் ஆடக் கற்றுவிட முடியாது. கரணம் என்பது நின்ற நிலை அல்ல, ஓர் அசைவு என்று வாதிட்டு அதை மீட்டெடுக்கப் பத்மா சுப்ரமணியம் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டியிருந்தது. கல் ஒரு கணத்தைக் காட்டும். அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் உடல் என்ன செய்தது என்பதைக் கல்லால் சொல்ல முடியாது.

இனி ஆய்வகங்கள் பக்கம் போவோம். 1897இல் பிரையன், ஹார்ட்டர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தந்தி பழகும் ஆட்களின் வேகத்தை வாரம் வாரம் அளந்து வரைபடம் போட்டார்கள். செய்தியை வாங்கும் திறன் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிட்டது. வாரக்கணக்கில் முன்னேற்றமே இல்லை. பலர் அங்கேயே வேலையை விட்டுப் போனார்கள். விடாதவர்களுக்குத் திடீரென்று மறுபடி ஏறியது. அவர்கள் கொடுத்த விளக்கம்: எழுத்து எழுத்தாகக் கேட்டவன் சொல் சொல்லாகக் கேட்கத் தொடங்கும் முன்பு உள்ளே ஒரு கட்டுமானம் நடக்கிறது, அது வெளியே தெரிவதில்லை. எல்லாத் திறன்களுக்கும் இப்படி ஒரு தேக்கம் உண்டு என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். ஆனால் தனித்தனி அடவாக எண்ணிக்கொண்டிருந்த குழந்தை ஒரு நாள் கோர்வையை ஒரே மூச்சில் கேட்பதைப் பார்த்த எந்த நட்டுவனாருக்கும் அந்த வரைபடம் புதிதாக இருக்காது.

1967இல் ஃபிட்ஸ், போஸ்னர் இருவரும் கற்றலை மூன்று கட்டமாகப் பிரித்தார்கள்: யோசித்து யோசித்துச் செய்வது, பிழை குறைந்து இணைந்து வருவது, தானாக வருவது. மூன்றாவது கட்டத்தில்தான் நர்த்தகியின் மனம் காலை விட்டு அபிநயத்துக்குப் போக முடியும். தட்டடவை இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவளிடம் வர்ணத்தைக் கொடுத்தால் முகமும் கெடும், காலும் கெடும். அரங்கேற்றங்களில் இதை நிறையப் பார்க்கலாம்; சொல்வதற்குத்தான் யாருக்கும் மனம் வருவதில்லை.

தானாக வருவது மூளையின் எந்த இடத்தில் தங்குகிறது? 1950களில் வலிப்புக்காக மூளை அறுவை செய்யப்பட்டு, புதிய நினைவுகளை உருவாக்கும் திறனையே இழந்த ஒரு நோயாளியை பிரெண்டா மில்னர் சோதித்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திர வடிவத்தின் விளிம்பில் கோடு இழுக்க வேண்டும். மூன்று நாளில் அவர் கை நன்றாகத் தேறியது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை இதற்கு முன் செய்ததே இல்லை என்றுதான் அவர் நினைத்தார். கை கற்பதும் மனம் நினைவு வைப்பதும் வெவ்வேறு என்பதற்கு அது வலுவான சான்றானது. வாயால் விளக்கத் தெரியாத பெரிய வித்துவான்கள் நம்மிடம் ஏன் இவ்வளவு பேர் என்ற கேள்விக்கும் இதில் பாதி பதில் இருக்கிறது.

சோவியத் ஆய்வாளர் பெர்ன்ஷ்டைன் 1920களில் கொல்லர்கள் சம்மட்டி அடிப்பதைப் படம் பிடித்து ஆராய்ந்தார். தேர்ந்த கொல்லனின் சம்மட்டி முனை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வருகிறது. ஆனால் அவன் தோள், முழங்கை, மணிக்கட்டு ஒவ்வோர் அடிக்கும் சற்றே வேறு வேறாக அசைகின்றன. திரும்பச் செய்தல் என்று நாம் சொல்வது ஒரே அசைவை நகலெடுப்பதை அல்ல. ஒரே காரியத்தை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்ப்பதை. பெர்ன்ஷ்டைனின் வாழ்நாள் கருத்து இதுதான்.

தஞ்சை மிருதங்கப் பாணியில் இதற்கு நல்ல சாட்சி உண்டு. தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரின் குருகுலத்தில் உருவானவர்களில் பாலக்காடு மணி ஐயரும் டி.கே. மூர்த்தியும் உண்டு. இருவரும் ஒரே மாதிரி வாசித்தவர்கள் இல்லை. நகலெடுக்க வைத்திருந்தால் இரண்டு வைத்தியநாத ஐயர்கள்தாம் வந்திருப்பார்கள். மிருதங்க மாணவனும் தத், தி, தொம், நம் என்ற நான்கு சொல்லில்தான் தொடங்குகிறான். தொப்பியில் இடது உள்ளங்கை விழுவதும் வலந்தலையில் விரல்கள் விழுவதும் சுத்தமாக ஒலிக்கும் வரை அதே பாடம். பிறகு அதையே திஸ்ரத்தில், கண்டத்தில், மிஸ்ரத்தில் வாசிக்கச் சொல்வார்கள். பழைய பாடம், புதிய நடை. வேண்டுமென்றே தடுமாற வைக்கிற வேலை.

அந்தத் தடுமாற்றம் பயனுள்ளது என்று 1979இல் ஷே, மார்கன் இருவரின் சோதனை காட்டியது. மூன்று கை அசைவுகளை ஒரு குழு ஒவ்வொன்றாக முடித்துப் பழகியது. மற்றொரு குழு கலைத்துப் போட்டுப் பழகியது. பழகும்போது முதல் குழுவே மேல். சில நாள் கழித்துச் சோதித்தால் கலைத்துப் பழகியவர்கள் மேல். வகுப்பில் நன்றாக வருவதும் உடலில் தங்குவதும் ஒன்றல்ல என்று அர்த்தம். வாரக் கடைசியில் செல்பேசியில் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுகிற பெற்றோருக்கு இது கொஞ்சம் கசக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்தது 1978இல் பிரிட்டனின் அஞ்சல் ஊழியர்களை வைத்து பேட்லி, லாங்மன் செய்த ஆய்வு. தட்டச்சு கற்கும் ஊழியர்களில் சிலருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயிற்சி; சிலருக்கு இரண்டு மணி நேரமாக இரு வேளை. விசைப்பலகையைக் கற்று முடிக்க முதல் குழுவுக்குச் சுமார் 35 மணி நேரம் போதுமாக இருந்தது. இரண்டாவது குழுவுக்குச் சுமார் 50 ஆனது. ஆனால் நாள்கணக்கில் பார்த்தால் முதல் குழு மற்றவர்களைவிடப் பின்தங்கியதாகத் தெரிந்தது. எந்தக் குழு அதிருப்தியாக இருந்தது தெரியுமா? குறைந்த மணி நேரத்தில் கற்ற அதே முதல் குழு. நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கும்போதே மனிதனுக்கு மோசமாகக் கற்பதாகத் தோன்றும். தன் உணர்வை மட்டும் நம்பிப் பயில்கிறவனைச் சரியான வழியிலிருந்து விலக்கிவிட இது போதும். குரு என்று ஒருவர் பக்கத்தில் வேண்டியிருப்பதும் இதனால்தான்.

இடைவெளியில் உடல் சும்மா இருப்பதில்லை. விரல் தட்டும் வரிசை ஒன்றைப் பழகித் தூங்கி எழுந்தவர்களின் வேகம், இடையில் பயிற்சியே இல்லாமல் சுமார் 20 சதவீதம் கூடியதாக மாத்யூ வாக்கரின் குழு 2002இல் எழுதியது. அளவைப் பற்றி விவாதம் உண்டு. எனினும் விடிகாலைச் சாதகம், பகல் ஓய்வு, மாலைப் பாடம் என்று குருகுலங்கள் நாளைப் பிரித்து வைத்திருந்தது வீண் சம்பிரதாயம் என்று இனி யாரும் தள்ள முடியாது.

எண்ணிக்கைக்கு வருவோம். 1993இல் எரிக்சனும் சகாக்களும் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களை ஆராய்ந்தார்கள். சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் தனியாகச் சாதகம் செய்திருந்தார்கள். 2008இல் மால்கம் கிளாட்வெல் புத்தகம் எழுத, அது ‘பத்தாயிரம் மணி நேர விதி’ என்று உலகம் சுற்றியது. அப்படி ஒரு விதியை நான் சொல்லவில்லை என்று எரிக்சனே மறுத்தார். அவர் அழுத்தியது பிழையைக் குறிவைத்துத் திருத்தும் பயிற்சியை. 2014இல் மக்னமாராவின் குழு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் இசையில் 21 சதவீதத்தையும் விளையாட்டில் 18 சதவீதத்தையும்தான் பயிற்சி அளவால் விளக்க முடிந்தது. மிச்சம் வேறு காரணங்கள்.

நாகஸ்வர, தவில் உலகத்தில் ‘அசுர சாதகம்’ என்ற சொல் பெருமையோடு புழங்குகிறது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளையைப் போன்றவர்களின் மூச்சையும் விரலையும் கேட்டவர்கள் அதில் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அசுர சாதகம் செய்தும் பெயர் தெரியாமல் போனவர்களின் எண்ணிக்கை நம்மிடம் இல்லை. வென்றவர்களின் சாதகத்தை மட்டும் எண்ணினால் சாதகமே எல்லாம் என்றுதான் விடை வரும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது உண்மைதான். எந்தப் பக்கம் நகரும் என்று பழமொழி சொல்லவில்லை. தவறான அரைமண்டியில் ஆயிரம் முறை தட்டினால் ஆயிரம் முறை தவறு பழகும், கூடவே முழங்கால் தேயும்.

பழகிய தவறைக் களைவது கடினம். அதைவிடக் கடினம், பழகிய சரியானதை மாற்றுவது. இதற்குக் காவிரி டெல்டாவின் வயலே சிறந்த ஆய்வுக்கூடம். மேடைக் கலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

நடவு நாளில் வரப்பில் நின்று பாருங்கள். பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நகர்வார்கள். இடது கையில் நாற்று முடி. அதிலிருந்து மூன்று நான்கு நாற்றை இடது கைவிரலே பிரித்துத் தள்ளும்; வலது கை பார்க்காமல் வாங்கும்; கட்டைவிரலும் இரு விரலும் சேர்ந்து சேற்றில் ஊன்றும்; வெளியே வரும் கை அடுத்ததை வாங்கிக்கொள்ளும். பேச்சு நடக்கும், பாட்டு நடக்கும், கை நிற்காது. ஃபிட்ஸ் சொன்ன மூன்றாம் கட்டத்துக்கு இதைவிட நல்ல படம் கிடையாது. இந்தக் கைக்கு அரங்கேற்றமும் இல்லை, பட்டமும் இல்லை, ஆய்வேடும் மிகக் குறைவு. அம்மா பக்கத்தில் குனிந்து நின்று, பின்தங்கி, பக்கத்து ஆள் வந்து இடத்தை நிரப்பிக் கொடுத்து, பல பருவம் கடந்து வந்த கை அது.

2000க்குப் பிறகு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மடகாஸ்கரில் உருவான ஒற்றை நாற்று முறையைச் சோதித்தது. 2003-04இல் காவிரி, தாமிரபரணிப் பாசனப் பகுதிகளில் உழவர் வயல்களிலேயே செய்து பார்த்தது. பிறகு ‘திருந்திய நெல் சாகுபடி’ என்ற பெயரில் அது பரவியது. ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும். 14 நாள் வயதுள்ள இளநாற்று. குத்துக்கு ஒன்றே ஒன்று. கயிறோ கோடு போடும் கருவியோ வைத்து ஏறக்குறைய கால் மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட வேண்டும். ஆழமாக ஊன்றக் கூடாது. மேலாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வேர்நுனி மேல்நோக்கி மடங்கிப் பயிர் தேற நாளாகும்.

தாளில் இது எளிது. பழகிய கைக்கு எளிதல்ல. மூன்று நாற்றைப் பிரித்துத் தந்துகொண்டிருந்த இடது விரல் இப்போது புல் போன்ற ஒன்றை மட்டும் பிரிக்க வேண்டும். சேற்றில் இறங்கிய கட்டைவிரல் மேலேயே நிற்க வேண்டும். கண்ணே பார்க்காமல் இருந்த வேலையில் கண் கோட்டைத் தேட வேண்டும். பல ஊர்களில் நடவாட்கள் இதற்குத் தயங்கினார்கள், வேலை மெதுவாகிறது என்றார்கள், கூடுதல் கூலி கேட்டார்கள். அதிகாரிகள் சிலர் இதைப் பழமைப் பிடிப்பு என்று எழுதினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மூன்றாம் கட்டத்தில் இருந்த ஒரு கையை முதல் கட்டத்துக்குத் திரும்பப் போகச் சொல்கிறோம். அந்த மெதுவான நாட்களின் கூலியை யார் கொடுப்பது? ஏக்கர் கணக்கில் குத்தகைக் கூலி வாங்கும் குழுவுக்குப் பொறுமை என்பது நேராக வருமான இழப்பு. பயிற்சி முகாமில் செயல்விளக்கம் காட்டினார்கள். பழகும் நாளுக்குக் கூலி போட்டது எத்தனை இடத்தில்? அந்தப் பெண்களிடம் இல்லாதது பொறுமை அல்ல. 100 கலம் நெல்.

நாட்டியத்தின் பக்கம் அந்த ஏற்பாடு எப்படி உடைந்தது என்பது தெரிந்த வரலாறு. அதைப் பொற்காலமாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அந்த நெல்லுக்குப் பின்னால் பெண்களின் உடல்மீது கோயிலும் அரண்மனையும் பெரிய மனிதர்களும் கொண்ட உரிமை இருந்தது. மாயவரத்துக்கு அருகே மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதற்குள்ளிருந்தே வந்து அதை எதிர்த்தார். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1929இல் வந்த சட்டத்திருத்தம் தேவதாசிகளின் இனாம் நிலங்களைக் கோயில் பணியிலிருந்து விடுவித்தது; 1947 சட்டம் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்தது. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். ஆனால் ஐந்து வயதிலிருந்து ஓர் உடல் பழகுவதற்கான ஆண்டுகளுக்கு இனி யார் படியளப்பது என்ற கேள்விக்கு அந்தச் சட்டங்களில் இடம் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. சமூகம் யோசித்திருக்க வேண்டும்.

கண்டிப்பின் கதையும் அப்படித்தான். தஞ்சை மரபில் வந்த பாலசரஸ்வதி 1918இல் பிறந்து, நால்வர் வழிவந்த கந்தப்பா பிள்ளையிடம் சிறுவயதிலேயே தொடங்கி, 1925இல் காஞ்சிபுரத்தில் ஏழு வயதில் அரங்கேறினார். கந்தப்பாவின் கடுமை பேர்போனது. பாலா வந்ததால் கடுமை பலித்தது என்று சொல்வது எளிது. பயந்து போய்விட்ட குழந்தைகள் சாட்சி சொல்ல மேடைக்கு வருவதில்லை. பிழையை உடனே சொல்வது வேறு, அடிப்பது வேறு. முன்னதுக்கு ஆய்வுகளின் ஆதரவு உண்டு, பின்னதுக்கு இல்லை.

வயது பற்றிய அச்சத்துக்கு எதிர்ச்சாட்சியும் இதே மண்ணில் இருக்கிறது. 1904இல் பிறந்த ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935 டிசம்பரில் அடையாற்றில் ஆடியபோது அவருக்கு வயது 31. மறு ஆண்டு கலாக்ஷேத்ரா தோன்றியது. அவருக்கு முன்பே பாலே பழகிய உடல், வசதி, ஆசிரியரை வரவழைக்கும் செல்வாக்கு எல்லாம் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே பிள்ளையிடம் பழக நடனக் கலைஞர்கள் ராம் கோபாலும் சாந்தா ராவும் பந்தநல்லூர் என்ற சின்ன ஊருக்கே வந்தார்கள்.

மெலட்டூர் பாகவத மேளா வேறொரு வழி. ஆண்களே எல்லா வேடமும் ஏற்கும் அந்த நாடகம் ஆண்டுதோறும் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கிறது. ஆடுகிறவர்கள் பலருக்குப் பிழைப்பு வேறு. வெளியூர் வேலையிலிருந்து விடுப்பு எடுத்து வந்து ஒத்திகைக்கு நிற்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறை, ஆனால் வாழ்நாள் முழுவதும். இடைவெளிப் பயிற்சிக்கு இவ்வளவு நீளமான உதாரணத்தை எந்த ஆய்வகமும் நடத்த முடியாது.

இன்றைய நிலை என்ன? மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகஸ்வரம், தவில், மிருதங்கம், பரதம் எல்லாமே மூன்றாண்டுப் படிப்பு. கட்டணம் மிகக் குறைவு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளிகள்தாம் கதி, அவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் மூன்று ஆண்டில் அடவும் முடித்து உருப்படியும் முடித்துச் சான்றிதழும் வாங்க வேண்டும் என்றால், பாடத்திட்டம் நகரும், உடல் அதன் பின்னால் ஓடும். தனியார் வகுப்புகளில் வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரம் என்பது வழக்கமாகிவிட்டது. அஞ்சல் ஊழியர் ஆய்வைப் பார்த்தால், அதே நேரத்தை நாளுக்குக் கால் மணி நேரமாகப் பிரித்தால் பலன் கூடும் என்று எதிர்பார்க்கலாம். அதற்கு வீட்டில் ஒரு மூலையும், திருத்தும் ஒரு கண்ணும் வேண்டும்.

ஆகவே கோரிக்கைகள் மூன்று. அரசின் கலை பண்பாட்டுத் துறைக்கு: மூன்றாண்டு முடித்தும் தொடர விரும்பும் பிள்ளைக்கு அதே ஆசிரியரிடம் மேலும் நான்கு ஆண்டு பயில உதவித்தொகை கொடுங்கள், ஏழாண்டுக் கணக்கு புகாரிலேயே போட்டாயிற்று. வேளாண் துறையும் புதிய நடவு முறையைக் கற்பிக்கும்போது கை பழகும் முதல் பருவத்தின் கூலி இழப்பைத் திட்டச் செலவில் சேர்க்கட்டும். பெற்றோருக்கு: பிள்ளையை அழைக்கப் போகும்போது ‘அரங்கேற்றம் எப்போது வைத்துக்கொள்ளலாம்’ என்று கேட்காதீர்கள். ‘இந்த மாதம் எந்த அடவில் எதைத் திருத்துகிறீர்கள்’ என்று கேளுங்கள். அதற்கு உடனே பதில் சொல்லத் தெரிந்த ஆசிரியரிடம் பிள்ளையை இன்னும் சில ஆண்டு விட்டுவைக்கலாம்.